அம்மாவின் காதும் சித்தப்பாவின் பிரீ-ஆம்ப்பும்

போன மாதம் காது பரிசோதனைக்குப் போயிருந்தேன். நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இது ஆகியிருக்கும். ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். நானும் அழுத்திக்கொண்டே இருந்தேன். நான் வெளியே வந்ததும் பரிசோதித்த பெண் சொன்னாள்:

"மேடம், நான் சத்தமே குடுக்காதப்பவும் ரெண்டு மூணு வாட்டி அழுத்திட்டீங்க."

"எனக்குக் கேட்டுதேம்மா."

"கேக்கும் கேக்கும்னு நெனச்சிகினே இருந்தா கேக்கற மாதிரியே இருக்கும், மேடம். நெறைய பேருக்கு அப்டித்தான்."

அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இதே வார்த்தையை எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஆரணியில் எங்கள் வீட்டில் வைத்து, ஆளாளுக்கு என் அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த மழைக்காலம்தான் நினைவில் ஓடியது. எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. அப்பாவுக்குச் சொந்த ஊர் தெள்ளார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா சின்ன வயதிலேயே ஆரணிக்கு வந்து நெசவு கற்றுக்கொண்டு, வாடகை வீட்டில் தறி போட்டிருந்தார். முன்னறை முழுக்கத் தறிக்குத்தான். தரையில் குழி வெட்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கிற குழித் தறி. அதற்குப் பின்னால் அம்மாவும் நானும் படுக்கிற சின்ன அறை. அந்த அறையின் மண் சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் அறை. அதற்குத் தோட்டத்துப் பக்கமிருந்து தனி வாசல்.

சித்தப்பா அரிசி ஆலையில் எலக்ட்ரீஷியன். கல்யாணம் ஆகாதவர். உடம்பில் எப்போதும் தவிட்டு வாசனை அடிக்கும். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம்தான், பாட்டு. கிராமபோன் ரிக்கார்டு, அதை ஓட்டுகிற பெட்டி, ஆம்ப்ளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர் எல்லாம் வைத்திருந்தார். இவற்றுக்கு நடுவில் ஒரு பழைய பிரீ-ஆம்ப். வேலூரில் ஒரு பெரிய வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது என்பார். அப்போதே அதற்கு வயதாகியிருந்தது. முகப்பில் தந்தநிறத்தில் நான்கு குமிழ்கள், அதில் ஒன்று உடைந்து தையல் நூல் சுற்றியிருக்கும். உள்ளே பல்பு மாதிரி இரண்டு கண்ணாடி வால்வுகள், தீக்குச்சி அணையும்போது தெரிகிற சிவப்பில் எரியும். ரிக்கார்டிலிருந்து ஊசி எடுத்துத் தருவது மிக மெல்லிய ஓசையாம். அதைக் கொஞ்சம் வளர்த்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது இந்தப் பெட்டியின் வேலை. வாங்கும்போது, கரண்டை அதற்கேற்ற அளவில் மாற்றிக் கொடுக்கிற டிரான்ஸ்பார்மர் எரிந்து போயிருந்தது. சித்தப்பா ஏதோ ஒரு ரேடியோவிலிருந்து கழற்றிய ஒன்றை அவரே உள்ளே வைத்துத் திருகிவிட்டார். பாட்டு வந்தது. பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சன்னமான உறுமலும் வந்தது. "பழைய செட்டுன்னா கொஞ்சம் உறுமத்தான் செய்யும்" என்று விட்டுவிட்டார்.

அந்த வருடம் ஆனி மாதம் அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, ஒன்பதாம் நாள் இறந்துபோனது. அப்பாவும் சித்தப்பாவும் வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் கூடப் போகிற வழக்கமில்லை. மறுநாளே அப்பா தறியில் உட்கார்ந்தார். அம்மா பத்து நாள் கழித்து, தறி நாடாவுக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அப்படியொரு மழையை அதற்குப் பிறகு நான் ஆரணியில் பார்க்கவில்லை. எங்கள் தறிக் குழியில் ஊற்று எடுத்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் மிதிபலகை தண்ணீருக்குள் கிடக்கும், ஒரு தவளை அதன் மேல் உட்கார்ந்திருக்கும். நானும் அப்பாவும் சொம்பால் மொண்டு மொண்டு வாசலில் ஊற்றுவோம், மத்தியானத்துக்குள் மறுபடி ஊறிவிடும். ஈரத்தில் பட்டு இழை தளர்ந்து தொங்கியது. அப்பா தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவைச் சுருட்டிப் பழைய புடவைகளால் மூடிவைத்தார். தெருவில் எல்லார் வீட்டிலும் இதே கதைதான். விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும் தறிச் சத்தம் தெரு முழுக்க நின்றுபோனது. எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் வடிகிற சத்தம், தெருக்கோடியில் கரண்டில் ஓடுகிற மாவு மில்லின் 'டுக் டுக்', அவ்வளவுதான்.

அப்போதுதான் ஒரு மத்தியானம் பாயில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, "இன்னாங்க அது, ம்ம்ம்னு ஒரு சத்தம்?" என்றாள்.

அப்பா முன்னறையிலிருந்து வந்து நின்று கேட்டார். "ஒண்ணும் இல்லியே" என்றார்.

"இருக்குதுங்க. யாரோ வாய மூடிகினு அழற மாதிரி."

அந்தக் கடைசி வார்த்தையை அம்மா சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன். அப்பாவின் முகம் மாறிவிட்டது. மறுநாளும் மத்தியானம் அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அதற்கு மறுநாளும். சாயங்காலமானால் கேட்பதில்லை, அந்நேரம் சித்தப்பா வேலையிலிருந்து வந்து பாட்டுப் போட்டுவிடுவார். நாலாம் நாள் அப்பா சுவரில் காதை வைத்து வெகுநேரம் நின்றார். அன்றைக்குப் பார்த்து சத்தமே இல்லை. கரண்ட் போயிருந்திருக்கும். பகல் வேளை, விளக்கு எதுவும் எரியாத வீடு, கரண்ட் போனது யாருக்குத் தெரியப்போகிறது. அப்பா காதை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

அப்பா அழைத்துப்போன டாக்டர் காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். "வீட்ல கொழந்த தவறிச்சா?" என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, "அதயே நெனச்சிகினு இருந்தா இப்டித்தான் கேக்கும். போகப் போக சரியாயிடும்" என்றார். அப்பா தெள்ளாருக்கு ஆள் அனுப்பி அத்தையை வரவழைத்தார். அத்தை அப்பாவுக்கு மூத்தவர், நல்லவர்தான், வந்த அன்றே எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். அம்மாவுக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டார். விட்டுவிட்டு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: "இது காதுல வர்ற நோவு இல்லடா. செத்த கொழந்த கூப்புடுது."

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்ட நாட்களில் அம்மாவுக்குப் பக்கத்தில் சுவரோரம் படுப்பேன். மண் சுவரில் கன்னத்தை ஒட்டி வைத்தால் பல்லுக்குள் சிலிர்க்கிற மாதிரி இருக்கும். சொல்லலாம் என்று வாயெடுத்தபோதுதான், அத்தை முன்னறையில் அப்பாவிடம், "இந்தப் பொண்ணுக்கும் கேக்க ஆரம்பிச்சிட்டா அவ்ளோதான். அப்புறம் நான் இவள தெள்ளாருக்கே இட்டுகினு போயிடறேன்" என்று சொல்வது காதில் விழுந்தது. அன்று சாயங்காலம் எல்லாருக்கும் முன்னால் அம்மா என்னைக் கேட்டாள்: "நீ என் பக்கத்துலதானடி படுத்துகினு இருந்த? உனக்குக் கேக்கலியா?"

"இல்லம்மா" என்றேன்.

அம்மா முந்தானையால் காதிலிருந்து வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டாள்.

படவேடு அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாள் போனது. அங்கே அத்தைக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். மழை விட்டு மலை நன்றாகத் தெரிந்தது. திருநீறு பூசிக்கொண்டு, வாழைத்தோப்பு ஓரமாக நடந்து, கலந்த சாதம் சாப்பிட்டோம். இரண்டு நாளும் மத்தியானம் அத்தை கேட்டார், "இப்ப கேக்குதாம்மா?" அம்மா யோசித்துப் பார்த்து, "இல்லக்கா, ஒண்ணுமே கேக்கல" என்றாள். அத்தை உடனே கோயிலுக்கு ஓடிப்போய் இன்னொரு முறை கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார். வீடு திரும்பிய மறுநாள் மத்தியானம் சத்தம் மறுபடி வந்தது.

அதன் பிறகுதான் முடிவு செய்தார்கள். வீடு சரியில்லை. மழை நின்றதும் அப்பா வேறு வீடு பார்க்க வேண்டும். அதுவரை அம்மா பெரணமல்லூரில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கட்டும். நான் தெள்ளாரில் அத்தையோடு. நான் பொய் சொல்லியும் பிரயோஜனமில்லாமல் போனது. எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. பச்சை நிறத் தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, என் துணியைத் தனியாகவும் அவள் துணியைத் தனியாகவும் மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை பஸ். முதல் நாள் மத்தியானம் அப்பா பஸ் நேரம் விசாரிக்கப் போயிருந்தார். அத்தை கடைக்குப் போயிருந்தார். அம்மா என் பாவாடையை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"நின்னுடுச்சி" என்றாள்.

நானும் கவனித்தேன். நின்றிருந்தது.

"மாவு மில்லும் நின்னுடுச்சி, பாத்தியா?"

ஆமாம். தெருக்கோடியின் 'டுக் டுக்' இல்லை. அம்மா பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மாவு மில் தும்மிக்கொண்டு கிளம்பியது. அதே நொடியில் சுவரிலிருந்து 'ம்ம்ம்'.

அம்மா எழுந்தாள். தலையில் எதையும் போட்டுக்கொள்ளாமல் மழையில் தோட்டத்துப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு சித்தப்பாவின் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அறையில் யாரும் இல்லை. பிரீ-ஆம்ப் மட்டும் உள்ளே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அது உட்கார்ந்திருந்த பலகை எங்கள் பொதுச் சுவருக்குள் செருகியிருந்தது. அம்மா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். என் கையையும் இழுத்து வைத்தாள். கை கூசியது. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "போ, போயி நம்ம சொவத்துல காத வெச்சி கேளு" என்றாள்.

ஓடிப்போய்க் கேட்டேன். திரும்ப ஓடி வந்து மூச்சிரைக்க, "இப்ப கேக்கலம்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இப்ப கேக்கல. அப்போ முன்னாடி கேட்டுதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அத்த என்ன தெள்ளாருக்கு இட்டுகினு போயிடுவேன்னு சொன்னாங்க."

அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட சித்தப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தாள். ஆனி மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு என்னை இழுத்து ஈரப் புடவையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் பெரிய நீதிமன்றமே நடந்தது. அம்மா பிளக்கைச் சொருகினாள், பிடுங்கினாள். அப்பா இந்தப் பக்கம் சுவரில் காதை வைத்துக்கொண்டு, "இருக்குது... இல்ல... இருக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சித்தப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"மழ ஈரம் உள்ள போயிடக் கூடாதுன்னு சூடாவே விட்டுட்டு வேலைக்குப் போவேன், அண்ணி. அணச்சி அணச்சிப் போட்டா வால்வு போயிடும்னு சொன்னாங்க, அதனால ராத்திரி படுக்கறப்போ மட்டுந்தான் அணைப்பேன். உங்களுக்குக் கேட்டது இதுன்னு எனக்குத் தோணவே இல்ல."

தறி ஓடியிருந்தால் அந்தச் சத்தத்தில் இது அமுங்கிப் போயிருக்கும். அப்பாவுக்கு வந்த கோபம் முழுக்க அவர் மேல் அவருக்கே வந்த கோபம்தான். அதைத் தம்பியிடம் காட்டினார். "எடுத்துகினு போயி கெணத்துல போடுறா அத" என்றார்.

"ஏங்க கெணத்துல போடணும்?" என்றாள் அம்மா. "பாட்டு நல்லாத்தான இருக்குது. சின்னவரே, சத்தம் வராத மாதிரி பண்ணுங்க, போதும்."

கடைத்தெருவில் இருந்த ரேடியோ மெக்கானிக்கை சித்தப்பா மறுநாளே கூட்டிவந்தார். வெற்றிலை போட்ட வாயோடு பெட்டியைத் திறந்து, டிரான்ஸ்பார்மரைத் தொட்டுச் சுடுகிறது என்று கையை உதறினார். "இது சின்ன ரேடியோவோடது சார். இந்த செட்டுக்குப் பத்தாது, தெணறுது. உள்ள தகடெல்லாம் வேற லூசாயி ஆடுது. அதான் மொனகுது. பெருசா ஒண்ணு கம்பி சுத்திப் போடணும்."

ஒரு வாரத்தில் புதியதைக் கொண்டுவந்தார். பழையதைப் போல இரண்டு மடங்கு கனம். வார்னிஷில் முக்கி எடுத்து உலர வைத்தது. அந்த வாசனை அறையில் வெகுநாள் இருந்தது. பிரீ-ஆம்பைச் சுவர்ப் பலகையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்து, புதியதை அதற்குள் மாட்டினார். சுவர்ப் பக்கம் சத்தம் சுத்தமாக நின்றது. மெக்கானிக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அம்மா வாசற்படியில் நின்றபடி, "அதுல இன்னும் வருதுங்க" என்று ஸ்பீக்கரைக் காட்டினாள்.

மெக்கானிக் காதைக் கொண்டுபோய் ஸ்பீக்கரில் ஒட்டினார். சித்தப்பாவும் ஒட்டினார். இரண்டு பேருக்கும் சந்தேகமாக இருந்தது. மெக்கானிக் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்து, "லேசா இருக்குது அக்கா. இது யாருக்கும் கேக்காது" என்றார்.

"எனக்குக் கேக்குது" என்றாள் அம்மா.

அந்த இரண்டு வார்த்தையை அந்த மாதம் முழுக்க அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அன்றைக்குத்தான் அதைக் கேட்டு ஒருவர் மறுபடி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். டிரான்ஸ்பார்மரைப் பெட்டிக்கு வெளியே எடுத்து, தனியாக ஓர் இரும்புப் பெட்டியில் வைத்து, அடியில் சைக்கிள் டியூப்பை வெட்டிப் போட்டு, நீளமாக ஒயர் இழுத்தார். எந்தத் திசையில் வைத்தால் சத்தம் குறையும் என்பது வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ரிக்கார்டு போடாமல், குமிழைக் கடைசி வரைக்கும் திருகி வைத்தார்கள். அப்பா தெருவில் விளையாடிய பிள்ளைகளை அதட்டி அமர்த்திவிட்டு வந்தார். அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் அந்த இரும்புப் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"இருக்குது... இருக்குது... கொறையுது... ஐயோ, தாண்டிட்டீங்க. கொஞ்சம் பின்னாடி. அங்க. அங்கயே வெய்ங்க."

மெக்கானிக் மீட்டரைப் பார்த்தார். "அக்கா காது முன்னாடி இது நிக்காது சார்" என்று அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பிரீ-ஆம்ப் இப்போது சென்னையில் என் மகன் வீட்டில் இருக்கிறது. போன வருடம் அவனும் ஒரு தடவை டிரான்ஸ்பார்மரை மாற்றினான். மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டையோடு வட்டமாக ஒன்று. 'சத்தமே கிடையாதும்மா' என்று போனில் பெருமைப்பட்டான். யார் கேட்டுச் சொன்னது என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் கோடு தெரியுமாம்.

அத்தை ஊருக்குக் கிளம்பும்போது, வழி காட்டியது படவேட்டு அம்மன்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கோ பெரிய பாரம் இறங்கிவிட்டது. தெருவில் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். "வீட்டையே காலி பண்ண இருந்தேம்பா. கடைசில பாத்தா ஒரு டிரான்ஸ்பார்மரு. இவளுக்கு ஒண்ணுமே இல்ல, எல்லாம் அந்த டிரான்ஸ்பார்மரு." முதல் சில நாள் அம்மாவும் கூடவே சிரித்தாள். பிறகு அவர் அந்தக் கதையை ஆரம்பித்ததும் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. முதலில் எல்லாமே குழந்தையால்தான் என்றார்கள். பிறகு எல்லாமே டிரான்ஸ்பார்மரால்தான் என்றார்கள். இரண்டு தடவையும் ஒருவரும் அம்மாவைக் கேட்கவில்லை. நானும்தான்.

மழை விட்டு, தறிக் குழி காய்ந்து, நாளைக்குப் பாவைப் பிரிக்கலாம் என்று அப்பா சொன்ன நாள். யாரோ நண்பர் வந்திருந்தார். அப்பா வழக்கம் போலக் கதையைச் சொல்லி முடித்து, அவரை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்தார். அம்மா கதவோரம் நின்றிருந்தாள்.

"சத்தம் போயிடுச்சிங்க" என்றாள். "நீங்க சொல்றது வாஸ்தவந்தான். ஆனா கொழந்த போனது போனதுதான."

அப்பா சிரித்த முகத்தோடு அப்படியே நின்றார்.

"ஒம்பது நாளு என் மடியிலதான் இருந்தான். எடுத்துகினு போனீங்க. எங்க வெச்சீங்கன்னுகூட எங்கிட்ட சொல்லல."

அப்பா சுவரில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுவிட்டார், அம்மா அதைச் சரிசெய்தாள். "வா" என்றார். அவ்வளவுதான். என்னைச் சித்தப்பாவிடம் இருக்கச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஆற்றுப் பக்கமாக நடந்து போனார்கள். தெருவில் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போய் நான் பார்த்ததே இல்லை. எப்போதும் அப்பா பத்தடி முன்னால் போவார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். அப்பாவின் கண் சிவந்திருந்தது. அவர் நேராகக் குளிக்கப் போனார். அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாதத்தில் ஒட்டியிருந்த ஆற்று மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"உன் தம்பி இருக்கற எடத்துல ஒரு புங்க மரம் இருக்குது. நல்ல நெழல்."

உன் தம்பி. எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்று எங்கள் வீட்டில் ஒருவர் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.